மாமனாருக்கு விட்டுப்போன கொசுறு

அத்தை காரில் தூங்கவில்லை என்ற செய்திதான் முதலில் வந்தது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பத்தில் இது செய்திதான். மாமா வண்டியை எடுத்தால், அத்தை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "பார்த்துப் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்துவிடும். வேறு யார் ஓட்டினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வருவார். மகள் ஓட்டினால் வாய்விட்டுத் திட்டுவார். மாப்பிள்ளை ஓட்டினால் திட்டமாட்டார், மரியாதைக்காக மிதிக்க மட்டும் செய்வார்.

"ஒரு மாசமா அம்மா வண்டில கண்ணையே மூடலையாம்," என்றாள் மகள், கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே. "கதவுக்கு மேல ஒரு பிடி இருக்குமே, அதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வராங்களாம்."

"எப்பலேருந்து?" என்று கேட்டான் அவள் புருஷன்.

அவள் துடைத்த தட்டை மறுபடியும் துடைத்தாள்.

"புது டயர் போட்டதுலேருந்துங்க."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவனுக்குத் தொண்டையில் நின்றது. நிற்காதா பின்னே? அந்தப் புது டயர்களை மாட்டியது அவன். மாட்டிய பிறகு நான்கு சக்கரங்களையும் நேராக்கி அலைன்மெண்ட் செய்ததும் அவன்தான்.

அவனைக் கடைப்பக்கம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேர்கோடு என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் கடையில் பன்னிரண்டு வருடமாக அலைன்மெண்ட் வேலை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தட்டுகளை மாட்டி, மெஷினின் திரையைப் பார்த்து, வண்டிக்கு அடியில் புகுந்து திருகி, சக்கரங்களை ஒழுங்காக நிற்க வைப்பவன். அந்தப் புத்தி கடையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாண போட்டோவில்கூட மணப்பெண்ணைப் பார்க்காமல் எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் தொங்கிய திரைச்சீலை கோணலாக இருந்ததாம்! அவன் மனைவி இன்றைக்கும் அந்தப் போட்டோவைக் காட்டித்தான் சண்டையை ஆரம்பிப்பாள்.

அப்படிப்பட்டவன் வேலையில் கோளாறா?

"மாமா என்ன சொல்றாரு?"

"அவரு உங்களை ஒண்ணும் சொல்லல. தன்னைத்தான் சொல்றாரு. 'கை போயிடுச்சும்மா, வயசாச்சு'ங்கிறாரு. ரெண்டு தடவை நடைபாதைக் கல்லுல சக்கரத்தை உரசிட்டாராம். போன வாரம் ஆஸ்பத்திரி கேட்ல அம்மா பக்கத்துக் கண்ணாடி இடிச்சிருக்கு. அம்மா கத்தியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடலை."

நேர்கோடு எழுந்து போய்க் காலண்டரை நேராக்கினான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வராங்கல்ல? அப்ப சாவியை என்கிட்ட குடுத்துடுறாராம். இனிமே ஓட்டமாட்டாராம்." தட்டை அடுக்கில் வைத்தாள். "வண்டில ஏதாச்சும் இருக்கும்ப்பான்னு நானும் சொல்லிப் பார்த்தேன். உடனே சட்டைப் பையிலேருந்து நீங்க குடுத்த பேப்பரை எடுத்துக் காட்றாரு. 'மாப்பிள்ளை போட்டது தப்பா இருக்குமா? பாரு, ரெண்டு பக்கமும் ஒரே நம்பர்'ங்கிறாரு."

இந்த மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. பஸ்ஸில் நின்றுகொண்டே தண்ணீர் குடிக்கலாம், சட்டையில் சிந்தாது என்று ஊரே சொல்லும். காலையில் இருட்டோடு போனால் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். ஓய்வு பெற்று மாலையும் கையுமாக வந்து நின்ற அன்று அத்தை வாசலில் வைத்தே சொன்னாராம்: "முப்பத்தொரு வருஷம் ஊர்ல இருக்குறவங்களை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போனீங்க. இனிமே என்னை மட்டும் ஏத்துங்க. நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது."

அதற்காகவே வாங்கிய கார் அது. செவ்வாயும் வெள்ளியும் அத்தையின் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். மற்ற நாட்களில் சாயங்காலம் ஏரிக்கரைச் சாலையில் கடைசி வரை போய், வண்டியை நிறுத்தாமல் திரும்பி வந்துவிடுவார்கள். அத்தை போகும்போதும் தூங்குவார், வரும்போதும் தூங்குவார். அப்புறம் எதற்குப் போகிறார்கள் என்று மகள் கேலி செய்வாள். "உங்கம்மா நிம்மதியா தூங்குறதை நான் பஸ் ஓட்டுன காலத்துல பார்த்ததே இல்லம்மா" என்பார் மாமா.

அந்தச் சாவியைத்தான் கொடுக்கப் போகிறாராம்.

இன்னொன்றும் உண்டு. கல்யாணமாகி நான்கு வருடமாக மாமா தன் வண்டியை மாப்பிள்ளையின் கடைக்குக் கொண்டுவந்ததே இல்லை. பழைய பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவரிடம்தான் போவார். "உறவு வேற, ரிப்பேர் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ரெண்டும் கெட்டுடும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நேர்கோடு வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவனுக்கு முள்ளாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் தேடி வருகிறது, மாமனார் மட்டும் வரமாட்டேன் என்கிறாரே என்று.

போன மாதம் அந்த மெக்கானிக் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். மாமா வேறு வழியில்லாமல்தான் வந்தார். இருந்தாலும் வந்தாரே! நேர்கோட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அரைமணி நேர வேலையை மூன்று மணி நேரம் செய்தான். இருப்பதிலேயே நல்ல டயராகப் பார்த்து, பழையதைவிடக் கொஞ்சம் அகலமானதாகப் போட்டான். மெஷினில் ஏற்றி, இடது பக்கம் என்ன எண்ணோ அதே எண் வலது பக்கமும் வரும் வரை, புள்ளிக்குப் பிறகு வரும் கடைசி இலக்கம் வரை விடாமல் திருகினான். எல்லாம் சரி என்று திரையெல்லாம் பச்சை. அதை அச்செடுத்து இரண்டு கையாலும் மாமாவிடம் நீட்டினான். மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கே மாப்ள!" என்று சொல்லி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று நேர்கோடு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள் அவன் நிலையை. வண்டியில் கோளாறு இருந்தால் அவன் மானம் போச்சு. வண்டி சரியாக இருந்தால் மாமாவின் சாவி போச்சு. படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தவன், பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, தன் வேலை தப்பாக இருந்துவிட்டால் தேவலையே என்று ஆசைப்பட்டான்.

வியாழக்கிழமை காலையில் வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னான். மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். அத்தையின் இடது கையில் பிடியைப் பிடித்த தடம் சிவப்பாக இருந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா மாப்ள?" என்று சிரித்தார்.

"வண்டி என்ன மாமா பண்ணுது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வண்டி ஒண்ணும் பண்ணல மாப்ள. நான்தான் பண்றேன்." மாமா தன் இரண்டு கைகளையும் யாருடையதோ போலப் பார்த்தார். "நேரா பிடிச்சிருக்கேன்னுதான் நினைக்கிறேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா ஓரத்துல இருக்கேன். எப்ப வந்தேன்னு எனக்கே தெரியல. இந்தத் தோள்பட்டை வலி வந்ததுலேருந்து ஸ்டியரிங்கை முன்ன மாதிரி இறுக்கிப் பிடிக்கறதும் இல்லை. விரல்லதான் வச்சிருக்கேன்."

"புது டயர் மாமா. கொஞ்ச தூரம் ஓடணும். அப்புறம் பழகிடும்."

"டயர் பழகிடும். கை?"

நேர்கோடு வேலையில் இறங்கினான். முதலில் காற்று. நாலிலும் அச்சடித்தாற்போல ஒரே அளவு. சே! முன்சக்கரம் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டான். டயரில் கோளாறு என்றால் வண்டி அந்தப் பக்கம் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான், இழுக்கவில்லை. வண்டியைத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டான். எந்த பிரேக்காவது பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று பார்த்தான். எல்லாம் விசிறி போலச் சுற்றின. அடியில் புகுந்து ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டினான். ஆடவில்லை. கடைசியில் மெஷினில் ஏற்றினான். திரை பச்சைப் பசேலென்று வந்து நின்றது. இடமும் வலமும் ஒரே எண். ஒரு மாதத்துக்கு முன்பு வைத்தபடியே, ஒரு இம்மி நகரவில்லை.

தன் வேலை இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து யாருக்காவது வயிறு எரியுமா? அவனுக்கு எரிந்தது.

கடைக்குப் பின்னால் கிடங்குகளுக்கு நடுவே சிமெண்டுத் தளம் போட்ட அகலமான தெரு உண்டு. வழக்கமாக அங்கேதான் வண்டியை ஓட்டிப் பார்ப்பான். மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாலு முறை போய் வந்தான். வண்டி கோடு போட்டதுபோலப் போயிற்று.

"நான் சொல்லல?" என்றார் மாமா, கடை வாசலில் வந்து இறங்கியதும். அவர் குரலில் பெருமைதான் இருந்தது, அதுதான் கொடுமை. "உங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்க முடியுமா மாப்ள? விடுங்க. முப்பத்தொரு வருஷம் ஓடுச்சு, போதும். உங்க அத்தை பிடியைப் பிடிச்சுக்கிட்டு வர்றதை என்னால பார்க்க முடியல."

கடை வாசலில் நின்றிருந்த அத்தைக்கு இது கேட்டிருக்க வேண்டும். ஏறும்போது பிடியைத் தொடாமல், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரைதான் அது. திரும்பியதும் கை தானாக மேலே போனதை நேர்கோடு பார்த்தான்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் சாவி கைமாறிவிடும். காலையிலேயே வேனோடு வந்துவிட்டார் வேன் அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் வேன். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"என்ன நேர்கோடு, மூஞ்சி ஏன் கோணிக்கிட்டு இருக்கு? அதுக்கு அலைன்மெண்ட் யாரு பண்ணுவா?"

"ஒண்ணுமில்லக்கா." அவன் அடியில் புகுந்தான். மனம் எங்கேயோ இருந்தது, கை பாட்டுக்கு வேலை செய்தது. திரையில் பச்சை வந்தது. ஸ்பேனர் கடைசியாக ஒரு திருகு திருகியது. வெளியே வந்து கையைத் துடைத்தான்.

வேன் அக்கா வண்டியில் ஏறிக்கொண்டே எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"நம்ம கொசுறு போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா," என்று சொன்னவன், துணியும் கையுமாக அப்படியே நின்றான்.

அது என்ன கொசுறு என்று சொல்லிவிடுகிறேன். சாலைகள் எல்லாம் தட்டையாக இருப்பதில்லை. மழைத் தண்ணீர் வழிந்து போவதற்காக நடுவில் உயர்ந்து, ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே அளவில் வைத்தால், வண்டி அந்தச் சரிவோடு மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகரும். அதனால் டிரைவர் பக்கத்துச் சக்கரத்தின் தலையை ஒரு துளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, வெளியே சாய்த்து வைப்பான் நேர்கோடு. வண்டி அந்தத் துளியால் நடுவுக்கு இழுக்கும், சாலை ஓரத்துக்கு இழுக்கும், இரண்டும் சேர்ந்து நேராகப் போகும். மெஷின் இதைக் கேட்பதில்லை, திரையும் பச்சையாகவே இருக்கும். அச்சில் மட்டும் இரண்டு பக்க எண்ணும் கொஞ்சம் வேறாக வரும். காய் வாங்கினால் கடைக்காரர் ஒரு கொத்துத் தழையைப் பையில் போடுவாரே, அதுபோல அவன் எல்லாருக்கும் கேட்காமலே போட்டுக் கொடுப்பது. அதற்குக் கொசுறு என்று பேர் வைத்ததே வேன் அக்காதான்.

எல்லாருக்கும் போட்டான். மாமாவுக்குப் போடவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால்தான் மாமா அசந்துபோவார் என்று, அழகுக்காக, அந்தக் காகிதத்துக்காக விட்டுவிட்டான். பின்தெருவோ சிமெண்டுத் தளம், சரிவே கிடையாது. அங்கே நூறு முறை ஓட்டினாலும் வண்டி நேராகத்தான் போகும்!

"அடப் பாவி!" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். கைக் கரி நெற்றியில் அப்பியது.

"என்னடா ஆச்சு?"

"ஊருக்கெல்லாம் கொசுறு குடுத்துட்டு மாமனாருக்குக் குடுக்காம விட்டுட்டேன்க்கா!"

வேன் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்பதற்குள் நேர்கோடு பைக்கைக் கிளப்பிவிட்டான்.

மாமா வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மகளிடம் கொடுக்கும்போது சுத்தமாக இருக்க வேண்டுமாம். இடிபட்ட கண்ணாடியை ஒரு துணியால் தேய்த்துத் தேய்த்துக் கீறலைப் போக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மாமா, உங்க கை மேல தப்பே இல்லை. தப்பு என் மேலதான்," என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான் நேர்கோடு.

மாமா துணியைப் பிழிந்தார். மெதுவாக உதறி, கதவின் மேல் காயப்போட்டார்.

"நல்ல மனசு மாப்ள உங்களுக்கு."

"ஐயோ மாமா, நான்..."

"எனக்காகத் தப்பை உங்க தலையில போட்டுக்கறீங்க. தெரியாதா எனக்கு? வியாழக்கிழமை எல்லாம் சரியா இருந்த வண்டி, சாவி குடுக்குறதுக்கு மொத நாள் தப்பாயிடுச்சா? என் மனசு நோகக் கூடாதுன்னு கதை விடாதீங்க." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "பேப்பர் பேசுது."

நேர்கோடு தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு மனிதன் தான் செய்தது தப்பு என்று சொல்கிறான், நம்பமாட்டேன் என்கிறார்களே! இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்ப்பார்?

"சரி மாமா, நம்ப வேண்டாம். ஏறுங்க. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம். நான் ஓட்டறேன். அத்தை, நீங்களும் வாங்க."

ஏரிக்கரைச் சாலை நீளமாக, ஆளில்லாமல் கிடந்தது. காலை வெயிலில் ஏரி பளபளத்தது. சாலை நடுவில் முதுகு போல உயர்ந்து ஓரத்துக்குச் சரிவது, பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நேர்கோடு வண்டியைச் சாலைக் கோட்டுக்கு நேராக நிறுத்தி, மெதுவாகக் கிளப்பி, சைக்கிள் வேகத்தில் வைத்துக்கொண்டான்.

"இப்ப கையை எடுக்கறேன் மாமா. எண்ணுங்க."

கைகளை ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கிக் காட்டினான். பின்னால் அத்தை இல்லாத பிரேக்கை மிதிக்கும் சத்தம் கேட்டது.

மாமா எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. வண்டி நேராகத்தான் போயிற்று. நான்கு. ஐந்தில் யாரோ மெல்லத் தோளைத் தொட்டுத் தள்ளியது போல மூக்கு லேசாக ஓரம் பார்த்தது. ஆறு. ஏழு. ஓரத்து வெள்ளைக் கோடு அத்தையின் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டது. நேர்கோடு பிரேக்கைப் போட்டான்.

"சின்ன வயசுக்காரன் கை இதைத் தானாவே இழுத்துச் சரி பண்ணிக்கும் மாமா, தெரியவே தெரியாது. பின்தெருவுல சரிவே இல்லை, அதான் நானும் ஏமாந்தேன். நீங்க விரல்ல பிடிக்கறீங்க, வண்டி எங்க போகணும்னு நினைக்குதோ அங்க போகுது. புது டயர் வேற அகலம், அது சாலைச் சரிவை இன்னும் நல்லாக் கேட்கும். உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை. நான் போட்டது தப்பு. உங்க முன்னாடி பெரிய ஆளா காட்டணும்னு ஆசைப்பட்டேன். மன்னிச்சுடுங்க மாமா."

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். மடிப்புகளில் அது நைந்து போயிருந்தது.

"முப்பத்தொரு வருஷம் கூட இருந்த கையை நம்பல. ஒரு மாசம் பையில இருந்த பேப்பரை நம்பினேன் பாருங்க."

"கொடுங்க மாமா, கிழிச்சுப் போட்டுடறேன்."

"தொடாதீங்க!" மாமா கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "நாலு வருஷமா உங்க கடைக்கு வராதவன் நான். உங்க வேலை மேல சந்தேகம்னு நினைச்சிருப்பீங்க. அப்படியில்ல மாப்ள. ஏதாச்சும் ஒண்ணு ஆகி, அதனால என் பொண்ணு வீட்டுல ஒரு பேச்சு வந்துடக் கூடாதேன்னு பயம். வந்த அன்னிக்கு நீங்க மூணு மணி நேரம் உழைச்சதை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இது என்கிட்டயே இருக்கட்டும்."

நேர்கோட்டுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டால் கரி இன்னும் அப்பும் என்று துடைக்காமல் விட்டான்.

பின்னாலிருந்து அத்தை சொன்னார்: "ரெண்டு பேரும் அழுது முடிச்சீங்கன்னா கடைக்குப் போகலாமா? எனக்கு முழங்கால் வலிக்குது."

கடையில் வேலை கால்மணி நேரம்கூட எடுக்கவில்லை. தட்டுகளை மாட்டினான், அடியில் புகுந்தான், டிரைவர் பக்கத்துச் சக்கரத்தை ஒரு துளி சாய்த்தான். மாமா குனிந்து அந்தத் திருகைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா."

"இதுக்கா நான் ஒரு மாசம் செத்துப் பிழைச்சேன்?" என்று சொல்லி மாமா சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நேர்கோடு கேட்டதே இல்லை. புதுக் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "ரெண்டு நம்பரும் வேற வேறயா இருக்கே மாப்ள."

"ஆமா மாமா. அப்பத்தான் நேரா போகும்."

மாமா அதையும் மடித்து, பழையதோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை ஒரு கணம் தயங்கியதை நேர்கோடு கவனித்தான். சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டு, அவனே போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். அத்தை முன்னால் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்தார். அவர் கை பிடியை நோக்கிப் பாதி தூரம் போய், திரும்பி மடிக்கே வந்தது.

"பார்த்துப் போங்க."

முதல் சிக்னல் பச்சையாக இருந்தது. மாமா விரல் நுனியில் ஸ்டியரிங்கை வைத்திருந்தார். தோள் இரண்டும் தளர்ந்து, இருக்கையில் நன்றாகச் சாய்ந்திருந்தார். கடைத்தெருவின் சரிவில் வண்டி ஓரம் பார்க்கவில்லை. நடைபாதைக் கல் ஒரே தூரத்தில், ஒரே தூரத்திலேயே, கூட வந்துகொண்டிருந்தது. நேர்கோடு முன்னால் எட்டிச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. பஸ்ஸில் நின்று தண்ணீர் குடித்தவர்கள் சொல்வார்களே, அப்படி வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் வந்து நின்றது.

நேர்கோட்டின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் மனைவி. கடையிலிருந்து திடீரென்று ஓடிவிட்டான் என்று வேன் அக்கா போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

"எங்க இருக்கீங்க? அப்பா வீட்டுக்குப் போனீங்களாமே? என்னாச்சு? சாவியைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். போனுக்கு வெளியே வரை கேட்டது.

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமா திரும்பிப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"சாவி என்கிட்டயே இருக்கும்னு சொல்லுங்க மாப்ள," என்றார் கிசுகிசுப்பாக. "மெதுவா சொல்லுங்க. உங்க அத்தை தூங்குறா."